டிரெய்லர் இழுக்கும் டீசல் பிக்கப்பில் ஓவர்டிரைவ்: எப்போது போடலாம், எப்போது அணைக்க வேண்டும்?

டீசல் பிக்கப்பில் முதன்முறையாக டிரெய்லரை மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் புறப்படுகிறவருக்கு ஒரு சந்தேகம் வரும். பல பிக்கப்புகளில் கியர் லீவரின் நுனியில் ஓவர்டிரைவை அணைப்பதற்கென்று ஒரு சிறிய பொத்தான் இருக்கிறது. அதை அழுத்த வேண்டுமா, வேண்டாமா? பழகியவர்களைக் கேட்டால், சுமையோடு போகும்போது ஓவர்டிரைவே கூடாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். டீசல் என்ஜினுக்கு இதெல்லாம் ஒரு சுமையா, அப்படியே ஓட்டுங்கள் என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே சாலையைப் பார்க்காமல் சொல்லும் பதில்கள். வண்டியும் டிரெய்லரும் மாறாமலே இருக்கும்; சமதளத்தில் ஓவர்டிரைவ் சரியான கியர், பத்து நிமிடம் கழித்து வரும் மேட்டில் அதுவே தவறான கியர். இந்த மாற்றம் எதனால் என்று ஒருமுறை புரிந்துகொண்டால், பொத்தானை எப்போது அழுத்துவது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஓவர்டிரைவ் என்ன செய்கிறது

என்ஜினின் சுழற்சி சக்கரத்தை அடையும் வழியில் இரண்டு இடங்களில் மாறுகிறது. ஒன்று கியர்பாக்ஸ். மற்றொன்று பின் அச்சில் இருக்கும் கிரவுன் பினியன் என்ற பல்சக்கர ஜோடி. கணக்கு எளிதாக இருக்க, 1999ஆம் ஆண்டு ஃபோர்டு சூப்பர் டியூட்டி பிக்கப் ஒன்றையே கட்டுரை முழுவதும் எடுத்துக்கொள்வோம். 7.3 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் டீசல் என்ஜின், 4ஆர்100 என்ற நான்கு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பின் அச்சில் 3.73 விகிதம்.

அந்தக் கியர்பாக்ஸின் விகிதங்கள் வரிசையாக 2.71, 1.54, 1.00, 0.71. முதல் கியரில் என்ஜின் 2.71 முறை சுற்றினால்தான் கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டு ஒரு முறை சுற்றும். மூன்றாவது கியரில் இரண்டும் சமமாகச் சுற்றுகின்றன. இதை நேரடி கியர் என்று சொல்லலாம். நான்காவதில் என்ஜின் முக்கால் சுற்றுக்கும் சற்றுக் குறைவாகச் சுற்றும்போதே வெளித்தண்டு ஒரு முழுச் சுற்றை முடித்துவிடுகிறது. இப்படி வெளியே வரும் தண்டு என்ஜினைவிட வேகமாகச் சுற்றும் கியர் எதுவானாலும் அது ஓவர்டிரைவ்தான். விகிதம் ஒன்றுக்குக் கீழே இருந்தால் போதும்.

வேகமானியில் 100 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இந்த வண்டியின் என்ஜின் நேரடி கியரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,500 சுற்று சுற்றும். ஓவர்டிரைவில் அது 1,800 சுற்றுக்கு இறங்கிவிடும். சத்தம் குறைகிறது, தேய்மானம் குறைகிறது, உராய்வுக்காக வீணாகும் எரிபொருளும் குறைகிறது. வெறும் வண்டியாக நெடுஞ்சாலையில் போகும்போது இதைவிட நல்ல கியர் கிடையாது.

ஆனால் சுற்றைக் குறைத்ததற்கு ஒரு விலை உண்டு. கியர் எந்த அளவுக்கு வேகத்தைக் கூட்டுகிறதோ அந்த அளவுக்கு முறுக்குவிசையைக் குறைக்கும். என்ஜின் 600 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது என்று வையுங்கள். நேரடி கியரில் அது 3.73 மடங்காகிப் பின்சக்கரங்களுக்கு 2,238 நியூட்டன் மீட்டராகப் போய்ச் சேரும். ஓவர்டிரைவில் முதலில் 0.71ஆல் சுருங்கி, பிறகு 3.73ஆல் பெருகி, 1,589தான் சேரும். அதே என்ஜின், அதே எரிபொருள் அளவு; சக்கரத்தில் இழுவை 29 சதவீதம் குறைவு. மற்ற எல்லாமே இந்த 29 சதவீதத்திலிருந்து கிளைப்பவைதான்.

டீசலுக்கு ஏன் தனிக் கணக்கு

பெட்ரோல் என்ஜின்கள் பலவற்றில் முழு முறுக்குவிசை வருவதற்குச் சுற்று நன்றாக ஏற வேண்டும். அப்படிப்பட்ட பிக்கப்பில் கனமான டிரெய்லரை மாட்டி ஓவர்டிரைவில் விட்டால் சமதளத்திலேயே மூச்சு வாங்கும். புகைவாயுவால் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ வைத்த டீசல் அப்படி இல்லை. நம் உதாரணத்தில் இருக்கும் 7.3 லிட்டர் என்ஜின் தன் உச்ச முறுக்குவிசையான 678 நியூட்டன் மீட்டரை நிமிடத்துக்கு 1,600 சுற்றிலேயே தந்துவிடுகிறது. டாட்ஜ் பிக்கப்புகளில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் என்ஜினும் அதே இடத்தில்தான் உச்சத்தைத் தொடும். ஓவர்டிரைவில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது என்ஜின் 1,800இல் இருக்கிறது என்று பார்த்தோமே, அது இந்த உச்சத்துக்கு மிக அருகில் இருக்கும் இடம். எனவே "டீசல் ஓவர்டிரைவிலேயே இழுக்கும்" என்று சொல்பவர்கள் காற்றில் பேசவில்லை. எவ்வளவு இழுக்கும் என்பதைத்தான் அவர்கள் சொல்லாமல் விடுகிறார்கள்.

அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்து 7,000 கிலோ. டிரெய்லர், படுக்கையும் சமையல் மேடையும் வைத்த உயரமான பெட்டி வகை. 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போக ஏறத்தாழ 51 கிலோவாட் திறன் வேண்டும். டயர்கள் உருள்வதற்கு 19 கிலோவாட். ஆக 70. இதை ஓவர்டிரைவில் 1,800 சுற்றில் தர வேண்டுமானால் என்ஜின் 371 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் போதும். கையில் 678 இருக்கிறது. பாதியை ஒட்டிய சுமையோடு என்ஜின் சுகமாக ஓடும். இங்கே ஓவர்டிரைவை அணைப்பதால் எந்த நன்மையும் இல்லை. 700 சுற்றை வீணாகக் கூடுதலாகச் சுற்றுவதுதான் மிச்சம்.

இப்போது எதிர்க்காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது. சாலை மாறவில்லை, சுமை மாறவில்லை. ஆனால் காற்றுக்கு மட்டும் 87 கிலோவாட் ஆகிறது. மொத்தம் 106. ஓவர்டிரைவில் இதற்கு 562 நியூட்டன் மீட்டர் தேவை. இன்னும் எல்லைக்குள்தான், ஆனால் ஓரத்துக்கு வந்துவிட்டோம். இந்த நிலையில் கண்ணுக்கே சரியாகத் தெரியாத 2 சதவீத ஏற்றம் ஒன்று வந்தால், அதாவது 100 மீட்டர் போனால் 2 மீட்டர் உயரும் சாலை, இன்னும் 38 கிலோவாட் வேண்டும். இப்போது ஓவர்டிரைவில் தேவைப்படுவது 764 நியூட்டன் மீட்டர். என்ஜினிடம் அது இல்லை. நேரடி கியருக்கு இறங்கினால் 2,500 சுற்றில் 550 போதும், அது இருக்கிறது. கியர்பாக்ஸிலும் அச்சிலும் உராய்வால் போகும் இழப்பை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் எல்லை இன்னும் முன்னதாகவே வரும்.

டிரெய்லரின் எடையை மட்டும் வைத்து ஓவர்டிரைவ் போடலாமா என்று முடிவெடுப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சமதளத்தில் எடையைவிட டிரெய்லரின் முகப்பும் காற்றின் திசையுமே அதிகம் பேசும். செங்கல் ஏற்றிய தாழ்வான திறந்த டிரெய்லரை ஓவர்டிரைவில் எளிதாக இழுக்கும் வண்டி, எடையில் பாதியே உள்ள உயரமான பெட்டி டிரெய்லரோடு எதிர்க்காற்றில் திண்டாடும்.

கியர் மாறி மாறி விழுவதுதான் முதல் எதிரி

ஓரத்தில் நிற்கும் நிலை என்று சொன்னேன் அல்லவா, கியர்பாக்ஸ்களுக்கு ஆபத்து பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஓவர்டிரைவில் இருக்கிறது. சின்ன மேடு வருகிறது, வேகம் குறைகிறது, நீங்கள் பெடலை அழுத்துகிறீர்கள், கியர் மூன்றுக்கு இறங்குகிறது. மூன்றில் இழுவை கூடுவதால் வேகம் ஏறுகிறது, பெடலைத் தளர்த்துகிறீர்கள், மறுபடி நான்குக்கு ஏறுகிறது. அரை நிமிடத்தில் மறுபடி மூன்று. மேடு பள்ளமான சாலையில் இது ஒரு மணி நேரம் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொள்ள, என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் கால் கிளட்ச் இல்லை. அதற்குப் பதிலாக எண்ணெய் நிரம்பிய கன்வெர்ட்டர் இருக்கிறது. என்ஜின் பக்கத்து இறக்கைகள் எண்ணெயைச் சுழற்றி வீசுகின்றன. அந்த வேகத்தில் கியர்பாக்ஸ் பக்கத்து இறக்கைகள் சுற்றுகின்றன. இரண்டும் இரும்பால் இணைந்தவை அல்ல என்பதால் எப்போதும் கொஞ்சம் நழுவல் இருக்கும். அந்த நழுவல் அப்படியே வெப்பமாகிறது. என்ஜின் 100 கிலோவாட் தரும்போது 10 சதவீதம் நழுவினால் 10 கிலோவாட் எண்ணெய்க்குள் சூடாக இறங்குகிறது. பெரிய அறை ஹீட்டர்கள் பலவற்றை அந்த எண்ணெய்க்குள் ஒன்றாகப் போட்டதற்குச் சமம் அது. இதைத் தவிர்க்கத்தான் கன்வெர்ட்டருக்குள் லாக்-அப் கிளட்ச் ஒன்று வைத்திருக்கிறார்கள். வேகம் நிலைத்ததும் அது இரண்டு பக்கத்தையும் இறுகப் பிடித்துக்கொள்ளும்; நழுவல் நின்றுவிடும், வெப்பமும் அடங்கும்.

கியர் மாறும் ஒவ்வொரு முறையும் பொதுவாக இந்தப் பிடி விடுபடுகிறது. மாறிய பிறகு மறுபடி பிடிக்கிறது. இடையில் எண்ணெய் சூடாகிறது. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தகடுகளும் சுமையோடு ஒன்றையொன்று உரசி இறுகுகின்றன. ஒரு முறை மாறினால் ஒன்றும் இல்லை. நூறு முறை மாறினால் தகடு தேய்கிறது, எண்ணெய் கருகுகிறது. கியர்பாக்ஸ் எண்ணெய் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்துப் பதினொரு டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகிறது என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. 120ஐத் தாண்டினால் ஓரம் கட்டி, பார்க்கில் போட்டு, என்ஜினை 1,000 முதல் 1,200 சுற்றில் ஓடவிட்டு ஆறவைக்க வேண்டும். என்ஜினை அணைத்துவிட்டால் எண்ணெயைக் குளிர்விப்பானுக்கு அனுப்பும் பம்பும் நின்றுவிடும். சூடு உள்ளேயே தங்கும்.

ஆகவே தொடக்கநிலை ஓட்டுநருக்கு நான் சொல்லும் முதல் விதி இதுதான்: வண்டி தானாக மூன்றுக்கும் நான்குக்கும் இடையே தடுமாறத் தொடங்கினால், பொத்தானை அழுத்தி மூன்றிலேயே நிறுத்திவிடுங்கள். இரண்டாவது தடவை மாறும்போதே அழுத்துங்கள், பத்தாவது வரை காத்திருக்க வேண்டாம். நேரடி கியரில் லாக்-அப் பிடித்தபடி 2,500 சுற்றில் ஓடும் வண்டி சத்தமாக இருக்கலாம். ஆனால் உள்ளே எதுவும் நழுவவில்லை. ஓவர்டிரைவில் லாக்-அப் பிடியாமல் அமைதியாக ஓடும் வண்டிதான் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறது. காதுக்கு இதமான கியர்தான் வண்டிக்கும் இதமானது என்று நம்பி ஓட்டியவர்கள் பறிகொடுத்த கியர்பாக்ஸ்கள் ஏராளம்.

குறைந்த சுற்றில் திணறுவது

கியர் மாறாமல் ஓவர்டிரைவிலேயே பிடித்துக்கொண்டு, பெடலை முழுக்க அழுத்தி, என்ஜினை 1,400 சுற்றில் முக்கவிடுவது இன்னொரு தவறு. டீசலின் இழுவையை நம்புகிறவர்கள் இதைச் செய்வார்கள். உள்ளே நடப்பது இது: பெடலை அழுத்தும்போது எரிபொருள் கூடுகிறது. ஆனால் சுற்று குறைவாக இருப்பதால் உள்ளே போகும் காற்று குறைவு. டர்போவைச் சுழற்ற வேண்டிய புகைவாயுவின் ஓட்டமும் குறைவு. எரிபொருளுக்கு ஈடான காற்று கிடைக்காதபோது எரிதல் தாமதமாகி, சூடு புகைவழியே வெளியே கொட்டுகிறது. பின்னால் கரும்புகை வந்தால் இதுதான் நடக்கிறது என்று பொருள்.

டர்போவுக்கு முன்னால் புகைவாயுவின் வெப்பத்தை அளக்கும் பைரோமீட்டரைப் பல பிக்கப் உரிமையாளர்கள் தனியாக வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். நீண்ட ஏற்றத்தில் அது தொடர்ந்து 680, 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. அலுமினியப் பிஸ்டன்கள் அதற்கு மேல் நெடுநேரம் தாங்காது. முள் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு கியரைக் குறைத்துப் பாருங்கள். சுற்று ஏறும், காற்று கூடும், அதே இழுவைக்கு ஒவ்வொரு எரிதலிலும் போகும் எரிபொருள் குறையும், முள் கண்ணெதிரே இறங்கும். கூடவே தண்ணீர் பம்பும் விசிறியும் வேகமாகச் சுற்றுவதால் ரேடியேட்டரும் நன்றாக வேலை செய்யும். சுற்றைக் கூட்டினால் என்ஜின் சூடாகும் என்ற பொதுவான நினைப்பு, சுமையோடு மேடேறும் டீசல் விஷயத்தில் தலைகீழானது.

என்ஜினுக்குள் இருக்கும் தாங்கிகளுக்கும் (பேரிங்) இதே கதைதான். குறைந்த சுற்றில் அதிகத் திறனை வாங்கினால் ஒவ்வொரு எரிதலும் பிஸ்டனின் தலையில் பெரிய அடியாக விழுகிறது. சுற்றைக் கூட்டினால் அதே வேலை பல சிறிய அடிகளாகப் பிரிந்துவிடும்.

நிஜமான மேடு

நெடுஞ்சாலை மலையேற்றங்களில் 6 சதவீதம் சாதாரணம். அமெரிக்காவின் கொலராடோவில் ஐ-70 சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்தை நோக்கி ஏறும் இடத்தில் 7 சதவீதம் வரை போகிறது. சுரங்கம் இருப்பது ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில். நம் 7,000 கிலோ வண்டி 6 சதவீத ஏற்றத்தில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தக்கவைக்க வேண்டுமானால் மேட்டுக்கு மட்டும் 114 கிலோவாட், மொத்தத்தில் 185 வேண்டும். 1999ஆம் ஆண்டு 7.3 லிட்டர் என்ஜினின் உச்சத் திறனே 175 கிலோவாட்தான். எந்தக் கியரைப் போட்டாலும் அந்த வேகம் கிடைக்காது. பெடலை எவ்வளவு அழுத்தினாலும் இந்தக் கணக்கு மாறாது.

80 கிலோமீட்டருக்கு இறங்கினால் தேவை 133 கிலோவாட்டாகக் குறைகிறது. நேரடி கியரில் அப்போது சுற்று 2,000. வேண்டிய முறுக்குவிசை 635. எல்லையைத் தொட்டுக்கொண்டு ஏறிவிடும். அதே வேகத்தில் ஓவர்டிரைவ் என்றால் சுற்று 1,440ஆக விழும், 880க்கு மேல் முறுக்குவிசை வேண்டும், நடக்காத காரியம். சரிவு கூடினால் 65, 70 கிலோமீட்டருக்கு இறங்கி, தேவைப்பட்டால் இரண்டாவது கியரில் ஏற வேண்டியதுதான். மெதுவாகப் போவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பிக்கப்புகளின் இழுதிறனை நிர்ணயிக்க அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த ஜே2807 என்ற தரநிலை, அரிசோனாவின் டேவிஸ் அணைக்கட்டுச் சரிவில் முழுச் சுமையோடு ஏறும் வண்டி மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே போகாமல் இருந்தால் போதும் என்கிறது. பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள கனரகப் பிக்கப்புக்கு அதையும் தளர்த்தியிருக்கிறார்கள்.

ஓவர்டிரைவை அணைக்கும் நேரமும் முக்கியம். மேட்டின் நடுவில், வேகம் போய், என்ஜின் திணறி, பெடல் தரையைத் தொட்ட பிறகு அணைத்தால், கியர் மாற்றம் முழுச் சுமையில் நடக்கிறது. கிளட்ச் தகடுகளுக்கு அதைவிடக் கடினமான தருணம் இல்லை. மேடு கண்ணில் பட்டதும், இன்னும் சமதளத்தில் இருக்கும்போதே, பெடலைச் சற்றுத் தளர்த்திப் பொத்தானை அழுத்துங்கள். கியர் மென்மையாக இறங்கும், சுற்று ஏறும், டர்போ விழித்துக்கொள்ளும். மேட்டின் அடிவாரத்தில் வண்டி தயாராக இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். ஓவர்டிரைவை அணைப்பது எல்லா வேகத்திலும் சாத்தியமில்லை. பழைய 12 வால்வு கம்மின்ஸ் என்ஜினின் நிர்ணயிக்கப்பட்ட வேகமே நிமிடத்துக்கு 2,500 சுற்றுதான். பின் அச்சு விகிதம் 4.10 உள்ள பிக்கப் நேரடி கியரில் 100 கிலோமீட்டர் போனால் என்ஜின் 2,800ஐ ஒட்டிச் சுற்ற வேண்டும். அதற்கு முன்பே, சுற்று எல்லை மீறாமல் காக்கும் கவர்னர் எரிபொருளைக் குறைக்கத் தொடங்கிவிடும். இந்த வண்டியில் ஓவர்டிரைவை அணைப்பது என்றால் வேகத்தையும் 85, 90க்குக் குறைப்பது என்றே பொருள். உங்கள் வண்டியின் அச்சு விகிதம் என்ன, என்ஜின் எத்தனை சுற்று வரை போகலாம் என்ற இரண்டு எண்களையும் கையேட்டில் பார்த்துத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 4.10 விகிதம் உள்ளவர் ஓவர்டிரைவில் நிம்மதியாக இழுக்கும் இடத்தில், 3.55 உள்ளவர் நேரடி கியருக்கு இறங்க வேண்டியிருக்கும். ஒருவர் சொன்ன அறிவுரை இன்னொருவர் வண்டிக்குப் பொருந்தாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இறக்கம்

ஏற்றத்தைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். உயிருக்கு ஆபத்து இறக்கத்தில்தான் அதிகம். ஏற்றத்தில் தவறினால் கியர்பாக்ஸ் போகும். இறக்கத்தில் தவறினால் பிரேக் போகும்.

அதே 7,000 கிலோ 6 சதவீதச் சரிவில் 80 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறது. புவியீர்ப்பு 91 கிலோவாட் தள்ளுகிறது. காற்றும் டயர் உராய்வும் 40 சொச்சத்தைத் தாங்கிக்கொள்கின்றன. மீதி 50 கிலோவாட்டை யாராவது விழுங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அத்தனையும் பிரேக் தட்டுகளில் வெப்பமாகச் சேரும். பல கிலோமீட்டர் இறக்கத்தில் அவை கருகிப் பிடிப்பை இழக்கும். என்ஜின் பங்கெடுத்தால்தான் பிழைக்கலாம்.

இதில் டீசலுக்கு ஒரு பலவீனம் உண்டு. பெட்ரோல் என்ஜினில் பெடலை விட்டதும் காற்று வழி மூடிக்கொண்டு உறிஞ்சும் வேலையே ஒரு தடையாக மாறும். பழைய டீசல்களில் அப்படி மூடும் தகடு கிடையாது. பெடலை விட்டால் என்ஜின் ஏறக்குறைய சுதந்திரமாகச் சுற்றும். அதனால்தான் கனரகப் பிக்கப்புகளில் எக்ஸாஸ்ட் பிரேக் வைக்கிறார்கள். அது புகைவழியை அடைத்து, என்ஜினே தன் புகைவாயுவை எதிர்த்து உழைக்கும்படி செய்கிறது. 2007இல் வந்த 6.7 லிட்டர் கம்மின்ஸில் டர்போவே இந்த வேலையையும் பார்க்கிறது. எக்ஸாஸ்ட் பிரேக்கின் பலம் சுற்று கூடக் கூட வளரும். ஓவர்டிரைவில் 1,440 சுற்றில் அது பெயருக்குத்தான் பிடிக்கும். நேரடி கியரில் 2,000இல் நன்றாகப் பிடிக்கும். செங்குத்தான இறக்கத்தில் 60 கிலோமீட்டருக்குக் குறைத்து இரண்டாவது கியருக்கு வந்தால் 2,300 சுற்றைத் தாண்டும். அப்போது பிரேக்கை எப்போதாவதுதான் தொட வேண்டியிருக்கும்.

சுமையோடு நீண்ட இறக்கத்தில் ஓவர்டிரைவ் அணைந்தே இருக்க வேண்டும். இதற்கு மட்டும் விதிவிலக்கு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதையும் இறங்கத் தொடங்கும் முன்பே, உச்சியிலேயே, வேகத்தைக் குறைத்துவிட்டுச் செய்ய வேண்டும். வண்டி ஓடத் தொடங்கிய பிறகு கீழ்க் கியரைப் போட்டால், என்ஜின் எல்லை மீறிச் சுற்றும் அல்லது கியர்பாக்ஸ் இறங்க மறுக்கும். சில பழைய ஆட்டோமேட்டிக்குகளில் சாதாரண டிரைவ் நிலையில் மூன்றாவது கியர் இறக்கத்தில் என்ஜினைப் பிடிக்காமல் வழுக்கிவிடும். ஓவர்டிரைவை அணைத்தால்தான் என்ஜின் பிரேக் கிடைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கையால் கியர் போடும் வண்டிகள்

ஐந்து வேகக் கியர்பாக்ஸில் பொதுவாக நான்காவது நேரடி, ஐந்தாவது ஓவர்டிரைவ். கன்வெர்ட்டர் இல்லை, நழுவல் வெப்பம் இல்லை. ஆனாலும் ஐந்தாவதில் சுமை இழுப்பதில் கவனம் வேண்டும். நேரடி கியரில் உள்ளே வரும் தண்டும் வெளியே போகும் தண்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. எந்தப் பல்சக்கரமும் சுமை தாங்குவதில்லை. ஓவர்டிரைவிலோ முழுச் சுமையும் பக்கத் தண்டு வழியாக, பல்சக்கரங்களின் மேல் போகிறது. டாட்ஜ் பிக்கப்புகளில் கம்மின்ஸோடு வந்த என்வி4500 கியர்பாக்ஸில் ஐந்தாவது கியரைப் பிடித்துவைக்கும் நட்டு தளர்ந்து அந்தக் கியரே கிடைக்காமல் போவது மெக்கானிக்குகள் நன்கு அறிந்த கோளாறு. குறைந்த சுற்றில் ஐந்தாவதில் முக்கவிடும்போது எழும் அதிர்வு அதற்குத் துணைபோகிறது. 1,600க்குக் கீழே சுற்று விழுந்து, பெடலை இன்னும் அழுத்தத் தோன்றினால், நான்குக்கு இறங்கிவிடுங்கள்.

புதிய வண்டிகளில்

நான்கு கியர் காலத்தில் ஓவர்டிரைவ் என்றால் ஒன்றுதான். போடு அல்லது அணை. இப்போது அப்படி இல்லை. அலிசன் ஆறு வேகக் கியர்பாக்ஸில் ஐந்தாவது 0.71, ஆறாவது 0.61, இரண்டுமே ஓவர்டிரைவ். 2020 முதல் ஃபோர்டு சூப்பர் டியூட்டியில் வரும் பத்து வேகக் கியர்பாக்ஸில் ஏழாவதுதான் நேரடி கியர். எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் ஓவர்டிரைவ். எட்டாவது ஏறத்தாழ 0.85தான் என்பதால் அதில் சுமை இழுப்பது பெரிய விஷயமே இல்லை. "ஓவர்டிரைவில் இழுக்காதே" என்ற பழைய விதியை இந்த வண்டிகளில் அப்படியே பிடித்துக்கொண்டிருப்பது அறியாமை.

இவற்றில் டோ-ஹால் என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கியர்பாக்ஸ் மேல் கியருக்கு ஏறுவதைத் தாமதப்படுத்தும், மாற்றங்களை இறுக்கமாகச் செய்யும், இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டால் தானே கியரைக் குறைத்துக்கொடுக்கும். டிரெய்லர் மாட்டியதும் டோ-ஹாலைப் போட்டுவிட்டு, ஓவர்டிரைவ் முடிவைப் பெரும்பாலும் வண்டியிடமே விடலாம். ஆனால் எதிரே வரும் மேட்டை எல்லா வண்டிகளாலும் முன்கூட்டியே பார்க்க முடியாது. பெரிய மேடும் நீண்ட இறக்கமும் கண்ணில் படும்போது கையால் கியரைக் குறைப்பது இன்றும் ஓட்டுநரின் வேலைதான்.

சில நடைமுறைக் குறிப்புகள்

ஓவர்டிரைவை அணைத்தால் எரிபொருள் கொள்ளை போகும் என்று பயப்பட வேண்டாம். மேட்டில் எரிபொருளை நிர்ணயிப்பது மேலே தூக்க வேண்டிய எடைதான். கியர் மாறியதால் வரும் வேறுபாடு சிறியது. சமதளத்தில் வேறுபாடு தெரியும். அங்கே ஓவர்டிரைவில் இழுக்க முடிகிறது என்றால் அதிலேயே இழுங்கள்.

குரூஸ் கன்ட்ரோலை மேடு பள்ளமான சாலையில் சுமையோடு பயன்படுத்தாதீர்கள். சொன்ன வேகத்தைப் பிடிக்க அது பெடலை முழுக்க அழுத்திக் கியரை இறக்கும், உடனே தளர்த்தி ஏற்றும். நீங்களாக இருந்தால் ஐந்து கிலோமீட்டர் வேகத்தை விட்டுக்கொடுத்து ஒரு கியர் மாற்றத்தைத் தவிர்ப்பீர்கள்; அதற்கு அந்த விட்டுக்கொடுத்தல் தெரியாது.

இரண்டு மானிகளுக்குப் பணம் செலவழிக்கத் தயங்காதீர்கள்: புகைவாயு வெப்பத்துக்கு ஒன்று, கியர்பாக்ஸ் எண்ணெய் வெப்பத்துக்கு ஒன்று. பழைய வண்டிகளில் கம்பெனியோடு வரும் மானிகள், எண்ணெய் உண்மையிலேயே கொதித்த பிறகுதான் அசையும் அளவுக்கு மந்தமானவை. இரண்டு முட்களையும் பார்த்துக்கொண்டு ஒரே மேட்டை இரண்டு கியர்களில் ஏறிப் பாருங்கள். இந்தக் கட்டுரை சொன்னதைவிட அதிகம் அவை சொல்லும்.

மேடு முடிந்ததும் அவசரப்பட்டு ஓவர்டிரைவைப் போட வேண்டாம். வேகம் பழைய நிலைக்கு வந்து, பெடலில் கால் இலேசாகி, கியர்பாக்ஸ் எண்ணெயின் வெப்பமும் இறங்கத் தொடங்கிய பிறகு போடுங்கள். இன்னொன்று: பல பழைய வண்டிகளில் என்ஜினை அணைத்து மறுபடி இயக்கியதும் ஓவர்டிரைவ் தானாகவே திரும்பி வந்துவிடும். மலையடிவாரத்தில் டீசல் நிரப்ப நிறுத்தினீர்கள் என்றால், கிளம்பியதும் ஓவர்டிரைவ் அணைந்திருப்பதைக் காட்டும் விளக்கைப் பார்த்துவிட்டு, அது எரியவில்லை என்றால் பொத்தானை மறுபடி அழுத்துங்கள்.